சந்தைக்கு வராத பழம்

உலகில் பழவகைகள் பல. அவற்றுள் சில, பறித்தபின் பல நாள் வாடாமல் இருந்து, மலைகடந்தும் கடல்கடந்தும் சென்று விலைபோகும் இயல்புடையன. ஆப்பிளும் ஆரஞ்சும் அத்தகையன. வேறு சிலவோ, காம்பினின்று நீங்கிய இரண்டொரு நாளிலேயே குழைந்து கெடுவன. தாம் பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவு செல்ல இசையாதன. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் விளையும் ‘பாவ்பாவ்’ என்னும் பழம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. அந்நாட்டு மண்ணில் இயற்கையாய்த் தோன்றிய உண்ணத்தக்க பழங்களுள் உருவில் பெரியது இதுவே. எனினும் அந்நாட்டு மக்களுள் மிகப் பலர் இதனைக் கண்டதும் இலர், உண்டதும் இலர். மறைந்துபோக இருந்த இப்பழத்தை மீட்டு வளர்த்துவரும் உழவர் கூட்டத்தாரின் பணியை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். ஆங்கிலம் வழங்கும் நாடுகள் சிலவற்றில் பப்பாளியைப் ‘பாவ்பாவ்’ என்றே அழைப்பர். பப்பாளியின் பெயரைக் கேட்டறிந்த ஐரோப்பியர், அதனைச் சற்று ஒத்த இக்காட்டுப் பழத்திற்கும் அப்பெயரையே இட்டனர் என்று அறிஞர் கருதுவர். பெயர் ஒன்றாயினும் மரம் வேறு. இம்மரம் பப்பாளிக்கு உறவன்று. நம் சீதாவுக்கே உறவு. சீதா, இராமசீதா, முட்சீதா முதலியவை அடங்கிய குடும்பத்தில் ஏறத்தாழ எல்லா மரங்களும் வெப்ப நாட்டில் வாழ்வன. பாவ்பாவோ பனிபெய்யும் நாட்டிற்குக் குடிபோன உறவினன் போன்றது. குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்த்து, உறைபனியில் உறங்கி, இளவேனில் வந்ததும் விழித்தெழும். வடக்கே கனடா நாட்டின் தென்கோடி தொட்டுத் தெற்கே பிளாரிடாவின் வடபகுதி வரை, ஆற்றங்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும், பெருமரங்களின் நிழலில் இது தழைக்கின்றது.

இம்மரம் மிக உயர்ந்து வளர்வதில்லை. இருபது முப்பது அடி உயரமே பெரும்பான்மை. இலைகள் ஓரடி நீளம் வரை வளர்ந்து கீழ்நோக்கித் தொங்கும். பழம் சிறு மாங்காயின் வடிவினது. பச்சையும் மஞ்சளும் கலந்த மெல்லிய தோலுடையது. தோலை நீக்கினால் உள்ளே மஞ்சள் நிறச் சதையும், மொச்சைக் கொட்டையினும் பெரிய கரும்பழுப்பு விதைகள் இரு வரிசையாகவும் காணப்படும். மாம்பழமும் வாழைப்பழமும் கலந்து பாலாடையிற் குழைத்தாற் போன்ற சுவை என்று உண்டவர் உரைப்பர். இக்காரணம் பற்றியே அந்நாட்டு எளிய மக்கள் இதனை ‘ஏழையின் வாழைப்பழம்’ என்று அழைத்தனர்.

பழங்குடி மக்கள் இதனைத் தொன்றுதொட்டு உண்டுவந்தனர். மரத்தின் உட்பட்டையை உரித்து, அந்நாரால் கயிறும் திரித்தனர். மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் இருவர் தலைமையில் மேற்குக் கடற்கரை வரை சென்ற புகழ்பெற்ற ஆய்வுக் குழுவினர், 1806-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மிசௌரி ஆற்றுவழியே திரும்பி வருகையில் கைவசம் இருந்த உணவு தீர்ந்துபோயிற்று. அந்நிலையில் இக்காட்டுப் பழமே தம் கூட்டத்தாரின் பசி தணித்தது எனக் கிளார்க் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். மிச்சிகன், மேற்கு வர்ஜீனியா ஆகிய மாநிலங்களில் இதன் பெயர் தாங்கிய ஊர்களும் உள்ளன.

இத்துணைச் சிறப்பும் இருந்து, இப்பழம் கடைத்தெருவிற்கு வாராமை ஏன்? அதற்குக் காரணம் பழத்தின் இயல்பே. காயாகப் பறித்தால் இது பழுப்பதில்லை. பழுத்ததும் நிறம் பெரிதும் மாறுவதில்லை. கையால் மெல்ல அழுத்தியே பக்குவம் அறிதல் வேண்டும். பழுத்த பழத்தை வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் மூன்று வாரத்திற்கு மேல் நில்லாது. சற்றே அழுத்தம் பட்ட இடமும் கருத்துக் கன்றிப்போகும். பெட்டியில் அடுக்கிப் புகைவண்டியில் ஏற்றி அனுப்ப இயலாத சரக்கை வணிகர் விரும்புவரோ? வெப்ப நாடுகளிலிருந்து வாழைப்பழம் கப்பல் கப்பலாக வந்திறங்கத் தொடங்கியபின், காட்டிற்குச் சென்று இப்பழம் பொறுக்குவோர் தொகையும் குறைந்தது.

இந்நிலையை மாற்ற முதன்முதல் பெருமுயற்சி நிகழ்ந்தது 1916-ஆம் ஆண்டில். அமெரிக்க மரபியல் கழகத்தார் ஒரு போட்டி அறிவித்தனர். மிகப் பெரிய மரம் எங்குளது எனக் காட்டுவார்க்கு ஐம்பது டாலரும், மிகச் சிறந்த பழம் அனுப்புவார்க்கு ஐம்பது டாலரும் பரிசு. பல மாநிலங்களிலிருந்தும் பழங்கள் அஞ்சல் வழியே வந்தன. இரண்டு நாளில் குழையும் பழத்தை அஞ்சலில் அனுப்பியோரின் துணிவும், வந்த பொட்டலங்களைப் பிரித்துச் சுவை பார்த்த நடுவரின் பொறுமையும் ஒருங்கே பாராட்டத்தக்கன! ஒகையோ மாநிலத்து அயர்ன்டன் என்னும் ஊரிலிருந்து கெட்டர் என்னும் அம்மையார் அனுப்பிய பழம் முதன்மை பெற்றது. இனி இப்பழமும் ஆப்பிள்போலத் தோட்டப் பயிராகும் எனப் பலரும் நம்பினர்.

அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. ஆர்வம் கொண்ட தனி மனிதர் சிலர் ஆங்காங்கே நல்ல மரங்களைத் தேடிப் பெயரிட்டு வளர்த்தனர். பென்சில்வேனியா மாநிலத்தில் சிம்மர்மேன் என்பார் அறுபதுக்கு மேற்பட்ட வகைகளைத் தம் தோட்டத்தில் திரட்டினார். 1941-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய செடிகள் வர்ஜீனியாவிலுள்ள பிளாண்டி ஆராய்ச்சிப் பண்ணையைச் சேர்ந்தன. அங்கும் காலப்போக்கில் கவனிப்பார் குறைந்தனர். 1900-ஆம் ஆண்டிற்கும் 1960-ஆம் ஆண்டிற்கும் இடையே தேர்ந்தெடுத்துப் பெயரிடப்பெற்ற வகைகள் குறைந்தது ஐம்பத்தாறு. பிற்காலத்தார் கணக்கெடுத்தபோது எஞ்சியிருந்தவை இருபதினும் குறைவே.

மரங்கள் அனைத்தும் பட்டுப்போனமையால் மட்டும் இவ்விழப்பு நேர்ந்ததன்று. தோட்டத்திற்கு உரியவர் இறந்தபின், எந்த மரம் எந்த வகை என்று சொல்வார் இலர். மரத்தில் கட்டியிருந்த தகட்டுச் சீட்டு துருப்பிடித்து வீழ்ந்தது; குறிப்பேடு தொலைந்தது. பெயரேடு இழந்த சுவடியை இன்ன நூல் என்று துணிய ஒண்ணாதவாறு போல, மரம் நின்றும் அதன் பெயர் நில்லாதொழிந்தது. மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. இம்மரம் வேரிலிருந்து பக்கக் கன்றுகளை ஓயாமல் எழுப்பும். ஒட்டுக் கட்டிய மேற்பகுதி பட்டுவிட்டால், கீழிருந்து எழும் கன்று நல்ல வகையினதன்று; ஒட்டுக்கு அடியிலிருந்த காட்டுச்செடியினது. அதனை அறியாதவர் அக்கன்றையே பழைய பெயரால் வழங்கி மயங்குவர்.

1975-ஆம் ஆண்டில் மேற்கு வர்ஜீனியாவில் மரபியல் பயின்றுகொண்டிருந்த நீல் பீட்டர்சன் என்னும் மாணவர் இக்காட்டுப் பழம் ஒன்றை உண்டார். இத்துணை இனிய பழத்தை எவரும் பயிர் செய்யாதிருத்தல் ஏன் என்னும் வினா அவர் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. முன்னோர் திரட்டிய தோட்டங்கள் இருந்த இடங்களை ஏடுகளில் தேடிக் கண்டார். அவ்விடங்களுக்கு நேரே சென்று எஞ்சிய மரங்களின் விதைகளைச் சேர்த்தார். மேரிலாந்து மாநிலத்துப் பல்கலைக்கழகப் பண்ணைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நாற்றுகளை நட்டு வளர்த்தார். விதையிலிருந்து எழும் நாற்று காய்ப்பதற்கே ஐந்து முதல் எட்டு ஆண்டு செல்லும். அதன்பின்னரும் பல ஆண்டுகள் ஒவ்வொரு மரத்தின் கனியையும் நிறுத்தும் சுவைத்தும் குறிப்பெழுதிச் சிறந்த சிலவற்றைத் தேர்ந்தார். அவற்றிற்குச் செனன்டோவா, சசுகுவகானா, பொட்டோமாக், வாபாசு என்று ஆறுகளின் பெயரை இட்டார். அந்நாட்டுப் பழங்குடியினர் வழங்கிய பெயர்களே அவ்வாறுகளுக்கு இன்றும் வழங்குதலின், அம்மக்கள் உண்ட கனிக்கு அப்பெயர் பொருத்தமானதே. கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழகமும் 1990-இல் இப்பழம் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கிற்று; 1994 முதல் நாட்டின் பாவ்பாவ் வகைகளைக் காக்கும் களஞ்சியமும் அங்கு அமைந்தது.

ஆயினும், ஒரு பண்ணையில் மட்டும் இருக்கும் வகை ஒரு புயலுக்கோ ஒரு நோய்க்கோ இரையாகலாம். நூறு வீட்டுத் தோட்டங்களில் நூறு மரமாக நின்றால் அவ்வாறு அழியாது. இவ்வுண்மையை உணர்ந்த வளர்ப்போர் ஒகையோ மாநிலத்தில் ஒரு சங்கமாகக் கூடினர். உழவர், ஆசிரியர், ஓய்வு பெற்றோர், வீட்டுக் கொல்லையில் இரண்டு மரம் வைத்திருப்போர் எனப் பலதிறத்தாரும் இத்தகைய சங்கங்களில் உறுப்பினர் ஆவர். அவர்களுடைய வேலைகள் மரத்தின் ஆண்டு வாழ்க்கையைப் பின்பற்றி அமைவன.

குளிர்காலத்தின் இறுதியில், மரம் இன்னும் உறங்கும்போது, எழுதுகோல் பருமனுள்ள இளங்குச்சிகளை அறுப்பர். அவற்றை ஈரத்தாளில் சுற்றிப் பையிலிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்பர். இக்குச்சிகளே சங்கத்தாரின் செல்வம். இன்ன வகை, இன்ன தோட்டத்தினது, இன்ன நாளில் அறுத்தது என்று ஒவ்வொரு கட்டிலும் சீட்டெழுதிக் கட்டுதல் இன்றியமையாதது; முன்னோர் பட்ட இழப்பு அவர்களுக்கு நினைவில் உண்டு. ஒருவர் தம்மிடம் உள்ளதைக் கொடுத்துத் தம்மிடம் இல்லாததைப் பெறுவர். எனினும் எல்லா வகையும் இவ்வாறு தடையின்றி வழங்குவதில்லை. பீட்டர்சன் தேர்ந்த வகைகளின் பெயர்கள் வணிகக் குறிகளாகப் பதியப்பெற்றவை. அப்பெயரிட்டுக் கன்று விற்க விரும்புவோர் அதற்குரிய இசைவு பெறல் வேண்டும். பல்லாண்டு உழைத்தவர்க்கு அவ்வுரிமை முறையே என்பாரும், பகிர்ந்து வளர்ப்பதற்கு அது தடை என்பாரும் உண்டு. இரு சாராரிடத்தும் நேர்மை இருக்கின்றது.

இளவேனிலில் இலை அரும்பும் காலம் ஒட்டுக் கட்டுதற்குரிய காலம். மூத்த உறுப்பினர் புதியவர்க்கு அதனைக் கற்பிப்பர். வேர்ச்செடியின் தண்டையும் ஒட்டுக்குச்சியையும் ஒரே சரிவாகச் சீவி, பட்டைக்குள் இருக்கும் பச்சைப் படலம் இரண்டிலும் ஒன்றோடொன்று பொருந்துமாறு சேர்த்து, இறுக்கிக் கட்டுதல் வேண்டும். படலம் விலகினால் ஒட்டுப் பற்றாது. கத்தி கூர்மையாய் இருத்தலும், வெட்டு ஒரே இழுப்பில் அமைதலும் வேண்டும். நூலில் படித்து இக்கலை வாராது. கைபிடித்துக் காட்டுவார் ஒருவர் தேவை. நன்கு பற்றிய ஒட்டு மூன்று நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும்.

பூக்கும் பருவத்தில் வேறொரு வேலை உண்டு. அதுவே இம்மரத்தின் வாழ்வில் வியப்பிற்குரிய பகுதி. இலை விரியுமுன்னரே கருஞ்சிவப்பு நிறப் பூக்கள் கிளைகளில் தலைகுனிந்து தொங்கும். அவற்றில் நறுமணம் இல்லை. மாறாகச் சிறிது முடைநாற்றமே உண்டு. தேனீக்கள் அவற்றை நாடா. அழுகிய பொருளைத் தேடும் ஈக்களும் வண்டுகளுமே வந்து மகரந்தத்தைக் கொண்டு செல்லும். அவையும் இளவேனிற் குளிரில் மிகுதியாக வருவதில்லை. மேலும், ஒரு பூவில் முதலில் சூலகமுடி பக்குவமாகும். அது கழிந்தபின்னரே மகரந்தம் முதிரும். ஆகவே ஒரு பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறுதல் அரிது. தன் மரத்தின் பிற பூக்களின் மகரந்தத்தையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. மரபால் வேறுபட்ட மற்றொரு மரத்தினது வேண்டும்.

இதனால் விளையும் புதிர் ஒன்று உண்டு. காட்டில் ஐம்பது மரங்கள் அடர்ந்து நிற்கும். ஆண்டுதோறும் பூத்துக் குலுங்கும். ஒரு காயும் காணப்படாது. காண்போர்க்கு ஐம்பது மரமாயினும், அவை யாவும் ஒரே வேரிலிருந்து எழுந்த பக்கக் கன்றுகள். உண்மையில் ஒரே மரம். அத்தோப்பிற்கு அயலிலிருந்து வேறு மரத்தின் மகரந்தம் வந்தாலன்றிக் காய் இல்லை. வளர்ப்போர் சிறு தூரிகையும் சிறு கிண்ணமும் எடுத்துக்கொண்டு செல்வர். ஒரு மரத்தில் முதிர்ந்த பூவினின்று மஞ்சள் மகரந்தத்தைத் தட்டிக் கிண்ணத்தில் ஏந்தி, மற்றொரு மரத்தின் இளம்பூவில், பச்சையாய்ப் பளபளக்கும் சூலகமுடியின்மேல் மெல்லத் தடவுவர். ஈக்களை வரவழைக்க மரத்தில் இறைச்சித்துண்டு கட்டித் தொங்கவிடுவோரும் உளர். அண்டை வீட்டார் இதனை எங்ஙனம் பொறுத்தனரோ! கருவுற்ற ஒரு பூவிலிருந்து பல காய்கள் வாழைச் சீப்புப்போல ஒரே காம்பில் கொத்தாக எழும்.

கோடையில் உறுப்பினர் ஒருவர் தோட்டத்தை மற்றவர் சென்று காண்பர். அக்காலத்தில் இலைகளின்மேல் சிறு புழுக்கள் மேய்வதைக் காணலாம். அவற்றைக் கண்டு எவரும் நஞ்சு தெளிப்பதில்லை. வரிக்குதிரைபோலக் கருப்பும் வெண்மையும் வரிவரியாய் அமைந்த அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்று அந்நாட்டில் உண்டு. அதன் புழுக்கள் இவ்வினத்து இலையன்றி வேறெதனையும் உண்பதில்லை. இம்மரம் இல்லையேல் அவ்வண்ணத்துப்பூச்சியும் இல்லை. ஆடும் மானும் இவ்விலையைத் தொடுவதில்லை என்பது மற்றொரு செய்தி.

செப்டம்பர் மாதம் பழம் உதிரும் காலம். ஒகையோவின் தென்கிழக்கே, ஆல்பனி என்னும் சிற்றூரை அடுத்த சுனோடன் ஏரிக்கரையில் 1999-ஆம் ஆண்டில் பாவ்பாவ் விழா தொடங்கிற்று. அதனைத் தொடங்கியவர் கிறிஸ் ஷ்மீல் என்னும் உழவர், ஆடும் வளர்ப்பவர். காட்டில் வீணே விழுந்து அழுகும் பழங்களைத் திரட்டிச் சதையை வழித்தெடுத்து, உறையவைத்து விற்கும் வழியையும் அவர் மேற்கொண்டார். பழமாகப் பயணம் செய்ய இயலாதது, உறைந்த கூழாகப் பயணம் செய்தது. அவரும் பிறரும் எடுத்த முயற்சியால் 2009-இல் ஒகையோ மாநிலத்தார் இதனைத் தம் மாநிலத்தின் இயற்கைப் பழமாகச் சட்டம் இயற்றி ஏற்றனர்.

விழாவில் ஆட்டமும் பாட்டும், பழக்கூழ் சேர்த்த பனிக்குழைவும் பிற உணவுகளும் உண்டு. ஆயினும் வளர்ப்போர் காத்திருப்பது சிறந்த பழத்தைத் தேரும் போட்டிக்கே. ஒவ்வொருவர் கொண்டுவந்த பழத்தையும் நடுவர்கள் அறுத்துச் சுவைப்பர். சதை பாலாடைபோல் மென்மையாய் உளதா, இனிப்பு அளவொடு நிற்கின்றதா, விழுங்கியபின் நாவில் கசப்புத் தங்குகின்றதா, விதை மிகுந்து சதை குறைந்துளதா என்று ஆராய்வர். மிகப் பெரிய பழத்திற்குத் தனிப் போட்டி. அங்குத் தராசே நடுவர். பெரிய பழம் இனிய பழமாகவும் இருத்தல் வேண்டும் என்பது இல்லை. ஆகையால் இவ்விரு போட்டிகளையும் பிரித்து வைத்தது நல்லறிவாகும். பரிசு பெற்ற பழம் எவரும் அறியாத காட்டு மரத்தினதாயின், அடுத்த குளிர்காலத்தில் அம்மரத்தின் குச்சிகளைப் பலர் நாடுவர். 1916-ஆம் ஆண்டுப் போட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அன்று பழம் மட்டும் வந்தது. இன்று பழத்தோடு அதனை வளர்க்கும் கைகளும் ஓரிடத்தில் கூடுகின்றன.

முதன்முறை உண்பவர்க்குச் சங்கத்தார் எச்சரிக்கையும் கூறுவர். விதையையும் தோலையும் உண்ணலாகாது. சீதா விதையை அரைத்துப் பேன் ஒழிக்கத் தலையில் தடவும் வழக்கம் நம் நாட்டில் உண்டன்றோ? அத்தகைய நச்சுப்பொருள் இவ்விதையிலும் உண்டு. சதையும் சிலர்க்குக் குமட்டலை உண்டாக்கும். உலர்த்திய சதை அதனினும் மிகுதியாக உண்டாக்கும். ஆதலின் முதல் நாள் சிறிது உண்டு பார்த்தலே தக்கது.

உண்டபின் எஞ்சிய விதைகளை எவரும் எறிவதில்லை. காய்ந்துபோன விதை முளைக்காது. எனவே அவற்றைக் கழுவி, ஈரப்பாசியில் பொதிந்து, குளிர்காலம் முழுவதும் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பர். பனிக்காலத்தை நிலத்தினுள் கழித்த உணர்வு பெற்றாலன்றி விதை விழிப்பதில்லை. இளவேனிலில் ஆழமான சாடியில் அவற்றை ஊன்றுவர். பல வாரம் சாடியின்மேல் ஒன்றும் தோன்றாது. பொறுமை இழந்து மண்ணைக் கிளறிய புதியவர்கள், ஒரு சாண் நீளத்திற்கு உள்ளிறங்கிய ஆணிவேரைக் கண்டு அதனை முறித்துவிட்டு வருந்துவதுண்டு. வேர் முதலில் ஆழத்தைத் தேடிச் செல்லும். தண்டு வெளியே தலைகாட்டக் கோடை நடுப்பகுதி ஆகும்.